இறந்தவன் யார்?

இராசபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் அய்யனார் கோவில் அமைந்துள்ளது. சென்ற மாதம் அக்கோவிலின் ஓடைக்கரையில் என் பழைய மாணாக்கர் சிலருடன் அமர்ந்திருந்தேன். அவர்களுள் ஒருவன் நாளிதழை விரித்து, “ஐயா, நகரத்தில் அடையாளம் தெரியாத ஆண் பிணம் கிடந்ததாம். போதைப்பொருள் பகையால் நேர்ந்த கொலையென்று போலீசார் ஐயுறுகிறார்களாம். பெயரே தெரியாதவனுக்காக யார் வழக்காடப் போகிறார்கள்?” என்று கேட்டான். அன்று அவனுக்குக் கூறிய விடையையே இன்று உங்களுக்கும் கூற விழைகிறேன்.

மாணவ நண்பர்களே! சட்டத்தின் முன் பெயரற்றவனும் மனிதனே. ஐயத்துக்குரிய மரணம் நேர்ந்தால், போலீஸ் அதிகாரி நிர்வாக நடுவருக்கு அறிவித்து, அவ்வூர்ப் பெரியோர் இருவர் முன்னிலையிலேனும் பிணத்தைப் பார்வையிட்டு அறிக்கை எழுதவேண்டும். 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194ஆம் பிரிவு இதனை விதிக்கிறது. பிறகு மருத்துவர் பிணத்தைச் சோதிப்பார். உயரம், தழும்பு, பச்சைக்குத்து, பல்லமைப்பு, உடை ஆகிய யாவும் குறிக்கப்பெறும். கைரேகையும் மரபணுவும் காணாமற்போனோர் பற்றிய குறிப்புகளோடு ஒப்பிட உதவும். உள்ளுறுப்புகளில் நஞ்சோ போதைப்பொருளோ உண்டா என்று இரசாயனச் சோதனை கூறும். இத்தகைய சோதனைக்கென நம் சென்னையில் 1849ஆம் ஆண்டிலேயே ஒரு கூடம் ஏற்பட்டது.

இம்முறைகளின் ஆற்றலை விளக்க, என் தந்தையார் அடிக்கடி கூறிய வழக்கொன்று உண்டு. 1952 ஆகஸ்டில், சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி நாற்றம் வீசியது. மானாமதுரையில் அதனைத் திறந்தபோது தலையற்ற உடல் கிடந்தது. தலையோ இராயபுரம் கடற்கரையில் அகப்பட்டது. இரண்டும் ஒருவருடையனவே என்பதைச் சென்னை மருத்துவக் கல்லூரியின் சோதனை நிறுவியது. இறந்தவர் முன்பு இராணுவத்தில் பணியாற்றியவர். அங்கிருந்த கைரேகைப் பதிவு அவரை ஆளவந்தார் என்று காட்டிற்று. பெயர் தெரிந்ததும் அவருடைய பழக்கங்கள் தெரிந்தன, பழகியவர்கள் தெரிந்தனர். 1953இல் உயர்நீதிமன்றத்தில் தீர்ப்பும் கிடைத்தது. அது போதைப்பொருள் வழக்கன்று. ஆயினும், இறந்தவன் யார் என்ற வினாவே கொன்றவன் யார் என்ற வினாவுக்கு வாயில் என்பதை அது நமக்குக் கற்பிக்கிறது.

ஆளவந்தாரைத் தேட வீட்டில் மனைவி இருந்தார். போதைக்கு அடிமையானவனை யார் தேடுவர்? அவன் வீட்டைவிட்டு வெளியேறிப் பல மாதம் ஆகியிருக்கும். வேறு பெயரில் திரிந்திருப்பான். கூட்டாளிகள் அஞ்சி வாய்திறவார். பெற்றோரோ, ஊரார் பழிப்பரென்று, மகன் காணாமற்போனதைப் போலீஸ் நிலையத்தில் அறிவியாமலே இருந்திருப்பர். பதிவேட்டில் இல்லாத பெயரை எந்த அறிவியல் தேடிப் பிடிக்கும்? ஒப்பிடுவதற்கு மற்றொரு பக்கம் வேண்டுமன்றோ? அந்த வெட்கமே கொலைஞனுக்குக் காவலாகிறது.

ஆதலின் இரண்டு செய்திகளை மனத்திற் பதியுங்கள். ஒருவர் காணாமற்போனால், அவர் எத்தகையவராயினும், தாமதமின்றிப் புகார் கொடுக்கவேண்டும். மற்றொன்று, போதையில் சிக்கியவன் மீள்வதற்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச் சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு உண்டு. சிறிய அளவு போதைப்பொருள் தொடர்பான குற்றத்திற்கு ஆளான அடிமை, தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் சிகிச்சையை முழுமையாகப் பெற்றால், அவனுக்கு வழக்கிலிருந்து காப்பு அளிக்கிறது அப்பிரிவு. 14446 என்ற தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி ஆலோசனையும் பெறலாம்.

நான் இவ்வளவும் கூறியபின் அம்மாணவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, தன்னுடன் படித்த ஒருவனைப் பற்றி ஓராண்டாகத் தகவலே இல்லை என்றான். அன்று மாலையே அப்பையனின் தாயாரைக் காண நாங்கள் இருவரும் புறப்பட்டோம். உயிரோடிருக்கும்போதே ஒருவனைத் தேடிவிட்டால், அவனைப் பெயரற்ற பிணமாய்க் காணும் துயரம் நேராதிருக்கலாம் அல்லவா?