எலும்பு நீளும், தசை?

வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்யக் குன்னூரில் 1907ல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம், பின்னாளில் போலியோ சொட்டு மருந்தும் தயாரித்தது. அந்த நாட்களில் ஒரு பிள்ளைக்குக் கால் குட்டை என்றாலே போலியோதான் நினைவுக்கு வரும். சூம்பிய தொடையைக் கையால் அழுத்திக்கொண்டே எஸ்டேட் சரிவில் ஏற வேண்டும். மிஞ்சிப்போனால் அடிக்கட்டை உயர்த்திய செருப்பு.

போலியோ 2011 ஜனவரியோடு இந்தியாவை விட்டுப் போய்விட்டது. இன்று குட்டைக் காலை நீட்டும் அறுவைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பிறவிக் குறையோ, எலும்பில் பிடித்த சீழோ, எலும்பு நீள்வதற்கான வளர்ச்சித் தட்டு விபத்தில் நசுங்கியதோ காரணம்.

1905ல் இத்தாலிய மருத்துவர் கோடிவில்லா காலை நீட்ட எலும்பை வெட்டி, குதிகாலில் ஆணி செருகி, பலமாக இழுத்தார். நரம்பும் தசையும் அந்த வேகத்தைத் தாங்கவில்லை. பின்னாளில் சைபீரியாவின் குர்கானில் மருத்துவர் இலிசாரோவ் பொறுமையைக் கையாண்டார்: காலைச் சுற்றி, எலும்போடு கம்பியால் பிணைத்த வளையங்கள், நாளுக்கு 1 மி.மீ., அதுவும் நான்கு தவணையாக. வெட்டிய இடைவெளியில் புது எலும்பு ஊறியது.

எலும்பு இணங்கிவிட்டது. தசைதான் இன்றும் முரண்டு பிடிக்கிறது. கெண்டைக்கால் இறுகிக் குதிகால் தரையில் படாது, முட்டி மடங்காது. பிறவியிலேயே தொடையெலும்பு குட்டையான பிள்ளைகளுக்கு முட்டிக்குள் தசைநார்கள் சரியாக இருக்காது. நீட்டும்போது மூட்டே நழுவலாம். கம்பி நுழைந்த இடம் சீழ் வைப்பது அநேகமாக எல்லோருக்கும் ஒருமுறையாவது வரும். புது எலும்பு முந்திக்கொண்டு கூடிவிட்டால் மறுபடி வெட்ட வேண்டும். வளையத்தைக் கழற்றிய பிறகு முறிவதும் உண்டு.

5 செ.மீ. நீட்ட வளையம் ஐந்தாறு மாதமாவது காலில் இருக்கும். நீட்டுவதற்காக வளையத்தின் திருகாணியைத் திருப்புவது எளிது. தினமும் முட்டியை மடக்கி நீட்ட வைப்பதுதான் பாடு. பகலெல்லாம் கொழுந்து பறிக்கும் தாய்க்கு அது இன்னொரு ஆள் வேலை. ஊட்டிக்கு மருத்துவக் கல்லூரி 2022ல்தான் வந்தது. அதுவரை பெரிய எலும்பு சிகிச்சை என்றால் வளையத்தோடு மலையிறங்கிக் கோவைக்குத்தான் போக வேண்டியிருந்தது.

இப்போது எலும்புக்குள்ளேயே வைத்துக் காந்தத்தால் நீட்டும் ஆணி இருக்கிறது. சீழ் வைக்கும் துளைகள் இல்லை. ஆனால் வளரும் பிள்ளையின் வளர்ச்சித் தட்டைத் துளைத்துச் செருக மருத்துவர்கள் தயங்குவார்கள். சிறுவர்களுக்கு இன்னும் பெரும்பாலும் வளையம்தான். இரு கால்களின் வித்தியாசம் 2 செ.மீ.க்குள் என்றால் கத்தியே வேண்டாம், அந்தப் பழைய உயர்த்திய செருப்பே போதும்.