திரைக்கதையாசிரியரின் பெயர்: சில விநாடிகளின் விலை

திரைப்படத்தின் தொடக்கத்தில் சில விநாடிகள் தோன்றி மறையும் திரைக்கதையாசிரியரின் பெயரை ரசிகர்கள் பலர் கவனிப்பதில்லை. ஆனால் அமெரிக்கத் திரைத்துறையில் அந்த ஒரு வரியே, எழுத்தாளர் ஒருவரின் பல ஆண்டு வருமானத்தைத் தீர்மானிக்கிறது.

இதற்கான காரணம் சட்டத்தில் இருக்கிறது. நாவலாசிரியர் தமது நூலின் பதிப்புரிமையைப் பொதுவாகத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். ஆனால் ஹாலிவுட் நிறுவனம் ஒன்று ஊதியம் கொடுத்து எழுதச் செய்யும் திரைக்கதைக்கு, அமெரிக்கச் சட்டத்தின்படி அந்த நிறுவனமே ஆசிரியர். தாமாக எழுதிய திரைக்கதையை விற்பவரும், வழமையாகப் பதிப்புரிமையையும் சேர்த்தே விற்றுவிடுகிறார்.

வாங்கிய பிரதியை வேறொருவரிடம் கொடுத்து நிறுவனம் திருத்தி எழுதச் செய்யலாம். ஒரே படத்துக்குப் பலர் அடுத்தடுத்து எழுதுவது அங்கு வழக்கமான ஒன்றே. அப்படியானால் திரையில் யார் பெயர் வர வேண்டும்?

தீர்ப்பளிப்பது யார்?

இதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை 1940களின் தொடக்கத்தில் எழுத்தாளர் சங்கம் தயாரிப்பு நிறுவனங்களிடமிருந்து பெற்றுக்கொண்டது. இன்று அது 'ரைட்டர்ஸ் கில்ட் ஆஃப் அமெரிக்கா' என்று அறியப்படுகிறது.

தகராறு எழும்போது, சங்க உறுப்பினர்களான மூன்று நடுவர்கள் எல்லாப் பிரதிகளையும் படித்து முடிவு செய்கின்றனர். நடுவர்கள் யாரென்பது எழுதியவர்களுக்குத் தெரியாது. எழுதியவர்களின் பெயர்களும் நடுவர்களுக்கு மறைக்கப்படுகின்றன. கதையைப் புதிதாகக் கற்பனை செய்து உருவாக்கிய திரைக்கதையானால், பின்னர் வந்து திருத்தியவர் இறுதிப் பிரதியில் பாதியளவு பங்களித்திருந்தால்தான் அவரது பெயர் இடம்பெறும்.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் இருப்பது பணம். படம் பின்னர் தொலைக்காட்சியிலோ குறுந்தகட்டிலோ இணையத்திலோ வெளியாகும்போதெல்லாம், பெயர் இடம்பெற்றவருக்கு ஒரு பங்கு சேரும். திரையரங்குப் படங்கள் தொலைக்காட்சிக்குச் செல்லும்போது இப்பங்கைப் பெறும் உரிமை, 1960ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் மூலம் வென்றெடுக்கப்பட்டது. ஓய்வூதியமும் மருத்துவக் காப்பும் அதே போராட்டத்தின் பலன்களே.

புதிய தொழில்நுட்பம் வரும்போதெல்லாம் இந்தப் பங்கு குறித்த மோதலும் மீண்டும் எழுகிறது. இணையத்தை முன்னிட்டு 2007 நவம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம் 100 நாட்கள் நீடித்தது. 2023ல் சுமார் 11,500 எழுத்தாளர்களின் போராட்டம் 148 நாட்கள் தொடர்ந்தது. செயற்கை நுண்ணறிவு எழுதித் தருவதை எழுத்தாளரின் படைப்பாகக் கருத முடியாது என்ற விதி, அதன் முடிவில் ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. ஓர் இயந்திரத்தின் பிரதியைத் திருத்தும் கூலியாளாக எழுத்தாளர் தாழ்த்தப்படக் கூடாது என்பதே இதன் பொருள்.

பெயர் பறிக்கப்பட்ட காலம்

எனினும், பெயர் வழங்கும் அதிகாரம் எப்போதும் நியாயமாகவே பயன்படுத்தப்பட்டது என்று கூறிவிட முடியாது. கம்யூனிச எதிர்ப்பு உச்சத்தில் இருந்த 1950களின் தொடக்கத்தில், நாடாளுமன்ற விசாரணைக்கு ஒத்துழைக்காதவர்களின் பெயர்களை நீக்க நிறுவனங்களுக்குச் சங்கமே இணங்கியது.

டால்டன் டிரம்போ இதற்கு நன்கறியப்பட்ட உதாரணம். 1953ல் வெளியான 'ரோமன் ஹாலிடே' படத்தில் அவரது பெயர் வரவில்லை. கதைக்கான ஆஸ்கர் விருது அவருக்காகப் பெயர் கொடுத்த நண்பருக்குச் சென்றது. டிரம்போ 1976ல் காலமானார். அப்படத்துக்கான விருது 1993லும், சங்கத்தின் முழு அங்கீகாரம் 2011லும்தான் அவர் பெயருக்குக் கிடைத்தன.

தமிழ்த் திரையுலகில்

'கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்' என்று நான்கும் ஒருவர் பெயரிலேயே வருவது தமிழ் ரசிகர்களுக்குப் பழகிய ஒன்று. அந்த வரிக்குப் பின்னால் வேறு எவரேனும் இருந்தாரா என்ற கேள்வி, 2018ல் 'சர்கார்' பட விவகாரத்தில் வெளிப்படையாக எழுந்தது. தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கம் விசாரித்த அந்தப் புகார் நீதிமன்றம் வரை சென்று, புகார் செய்தவரின் பெயரைப் படத்தில் குறிப்பிடும் சமரசத்தில் முடிந்தது.

இந்தியாவில் 2012ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், திரையரங்குக்கு வெளியே படம் பயன்படுத்தப்படும்போது எழுத்தாளருக்குச் சேரும் உரிமைத்தொகையை ஒப்பந்தம் மூலம் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது என்கிறது. ஆனால் உரிமையை ஏட்டில் எழுதுவது வேறு, அதை வசூலித்துக் கொடுப்பது வேறு. தனியொரு எழுத்தாளர் தயாரிப்பாளரிடம் கணக்குக் கேட்டால், அடுத்த வாய்ப்பை இழக்க நேரிடலாம். சங்கமாகக் கேட்கும்போது அந்த அச்சம் குறைகிறது.

ஹாலிவுட் எழுத்தாளர்கள் அதிகத் திறமைசாலிகள் என்பதால் இவ்வுரிமைகளைப் பெற்றுவிடவில்லை. எழுதுவதை ஒரே நேரத்தில் நிறுத்தும் ஒற்றுமை அவர்களிடம் இருந்தது. தமிழ்த் திரைக்கதையாசிரியர்களின் நிலை மாறுமா என்பதும் அத்தகைய ஒற்றுமையைப் பொறுத்ததே எனலாம்.