மூன்று தரம் முடிந்த பிறகு பணம் எங்கே?

கோயில் திருவிழாவில் அம்மனுக்குச் சாத்திய சேலையை ஏலம் விடுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். "ஒரு தரம்... இரண்டு தரம்..." என்று ஒலிபெருக்கியில் கேட்கும்போது கூட்டம் அமைதியாகிவிடும். "மூன்று தரம்" என்றதும் ஏலம் எடுத்தவரை எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் அன்றே பணம் கட்டாமல் போகலாம். ஆனால், கட்டாமலேயே இருந்துவிட முடியாது. அடுத்த ஆண்டும் அதே கோயிலுக்கு, அதே மக்கள் முன்னால் வர வேண்டுமே!

இணைய ஏலத்தில் அந்தக் கண்கள் இல்லை. கைப்பேசியில் ஓர் எண்ணைத் தட்டிவிட்டால் போதும், நாமும் ஏலத்தில் இருக்கிறோம். வென்ற பிறகு பதில் போடாமல் இருந்துவிடுவதும் அவ்வளவே எளிது.

நான் ஜொகூரில் பட்டப்படிப்பு படிக்கும் மாணவி. பழைய தபால்தலைகள், நாணயங்கள், ஜப்பானியர் காலத்து வாழைமர நோட்டுகள் ஆகியவற்றை இணையச் சேகரிப்பாளர் குழு ஒன்றில் ஏலம் விட்டு, என் சாப்பாட்டுச் செலவையும் பேருந்துச் செலவையும் ஓரளவு சமாளிக்கிறேன். இன்று காலணி, பொம்மைக் கார், சண்டை மீன், பூச்செடி என்று பலவற்றை மாணவர்கள் இப்படி விற்கிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் பொதுவான தலைவலி ஒன்று உண்டு. ஏலத்தில் வென்ற புதியவர் பணம் கட்டாமல் மறைந்துவிடுவார்.

ஏன் கட்டுவதில்லை?

சில மாதங்களுக்கு முன் ஜொகூர் மாநிலத்தின் பழைய தபால்தலைத் தொகுப்பு ஒன்றை 10 வெள்ளியில் தொடங்கி ஏலம் விட்டேன். ஒவ்வொரு முறையும் 5 வெள்ளி கூட்ட வேண்டும். 120 வெள்ளியில் மூன்றாமவர் விலகிக்கொண்டார். பிறகு இருவர் மட்டுமே மோதினார்கள். கடைசியில் 185 வெள்ளிக்குப் புதிய கணக்கு ஒன்று வென்றது. பணம் கட்ட 24 மணி நேரம் கொடுத்திருந்தேன். இரண்டு நாளாகியும் சத்தமில்லை. மூன்றாம் நாள் ஒரு செய்தி வந்தது.

"அக்கா, நான் ஃபார்ம் ஃபோர் படிக்கிறேன். சும்மா போட்டுப் பார்த்தேன், ஜெயிப்பேன்னு நெனைக்கல. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனால், அந்தத் தம்பியிடம் பேசப் பேச ஒன்று புரிந்தது. அவனுக்கு ஏமாற்றும் எண்ணம் இல்லை. இணையக் கடையில் பொருளைக் கூடையில் போட்டுவிட்டுப் பிறகு எடுத்துவிடுவோமே, ஏலமும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறான். எண்கள் ஏற ஏற, விளையாட்டில் புள்ளி சேர்ப்பது போன்ற வேகம் வந்திருக்கிறது. அவனிடம் வங்கிக் கணக்கும் இல்லை.

பணம் கட்டாத புதியவர்களை நான் நான்கு வகையாகப் பார்க்கிறேன். ஏலம் கேட்பது ஒரு வாக்குறுதி என்று அறியாதவர்கள் முதல் வகை. போட்டி வேகத்தில் தன் சக்திக்கு மேல் கேட்டுவிட்டுப் பயந்து ஒதுங்குபவர்கள் இரண்டாம் வகை. பணம் அனுப்பும் வழி தெரியாமலும், அஞ்சல் கட்டணத்தைக் கணக்கில் சேர்க்காமலும் தடுமாறுபவர்கள் மூன்றாம் வகை. தெரிந்தே ஓடுபவர்கள் நான்காம் வகை. முதல் மூன்று வகையினரையும் நான்காம் வகையாக நினைத்து ஏசினால் வரவேண்டிய பணமும் வராமல் போய்விடும்.

பெரிய ஏலங்கள் என்ன செய்கின்றன?

இது நம் சின்னக் குழுக்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் அன்று. 1995இல் தொடங்கிய ஈபே தளம், ஏலத்தில் வென்றவருக்கு 4 நாள் அவகாசம் தருகிறது. அதற்குள் பணம் வராவிட்டால் விற்பவர் விற்பனையை ரத்து செய்யலாம். அது வாங்குபவரின் கணக்கில் பதிவாகும். அப்படிப் பதிவானவர்கள் தம் பொருளுக்கு ஏலம் கேட்க முடியாதபடி விற்பவர்கள் தடுத்துக்கொள்ளவும் முடியும்.

நம் நாட்டுச் சாலைப் போக்குவரத்துத் துறை வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. வாகனப் பதிவு எண்களுக்கு இங்கே எவ்வளவு மோகம் என்பது ஜொகூர் மக்களுக்குத் தெரியும். 2012இல் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ 1 என்ற எண்ணை ஜொகூர் சுல்தான் 520,000 வெள்ளிக்குப் பெற்றார். 2019 முதல் இந்த எண்கள் ஜேபிஜே இபிட் என்ற இணைய ஏலத்தில் விடப்படுகின்றன. அதில் ஏலம் கேட்பவர் தாம் கேட்கும் தொகையையும் 10 வெள்ளி சேவைக் கட்டணத்தையும் முன்கூட்டியே செலுத்த வேண்டும். தோற்றால் ஏலத்தொகை திரும்பக் கிடைக்கும். வென்ற பின் ஓடுவதற்கு அங்கே வழியே இல்லை.

கடன் கட்டாததால் நீதிமன்றத்தின் வழி ஏலத்துக்கு வரும் வீடு, நிலங்களில் நடுவழி ஒன்று உண்டு. ஏலம் கேட்க வருபவர் பொதுவாக அடிப்படை விலையில் 10 விழுக்காட்டை முன்பணமாகக் கட்ட வேண்டும். வென்றவர் மீதியை 120 நாளுக்குள் கட்டத் தவறினால் முன்பணம் பறிபோகும்.

ஆக, பின்னால் கண்டிப்பது, முழுத்தொகையை முன்னால் வாங்குவது, ஒரு பகுதியை மட்டும் முன்னால் வாங்குவது என மூன்று வழிகள் இருக்கின்றன. மாணவர் நடத்தும் ஏலத்தில் 20 வெள்ளிப் பொருளுக்கு முன்பணம் கேட்டால் யாரும் வரமாட்டார்கள். எனவே, நான் 100 வெள்ளிக்கு மேல் போகக்கூடிய பொருள்களுக்கு மட்டும், புதிய கணக்குகளிடம் 10 வெள்ளி முன்பணம் கேட்கிறேன். தோற்றவருக்கு அன்றிரவே திருப்பிவிடுகிறேன்.

இரண்டாமவருக்கு என்ன விலை?

வென்றவர் கட்டாவிட்டால் இரண்டாமவரிடம் போவதுதான் வழக்கம். அவர் கேட்ட கடைசித் தொகைக்கே கொடுப்பார்கள். எனக்கு அதில் ஒரு நெருடல் இருந்தது.

என் தபால்தலை ஏலத்தில் இரண்டாமவர் கடைசியாகக் கேட்டது 180 வெள்ளி. ஆனால், அவரை 180 வரை ஏற்றிவிட்டது யார்? பணம் இல்லாமல் கேட்ட அந்தத் தம்பி. அவனை நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டால், மூன்றாமவர் 120இல் நின்றுவிட்டதால் இரண்டாமவர் 125 வெள்ளிக்கே வென்றிருப்பார். அவரிடம் நடந்ததைச் சொல்லி 125 வெள்ளிக்கே கொடுத்தேன். எதிர்பார்த்த 185 வெள்ளியில் 60 வெள்ளி போனது. மாணவர் கையில் 60 வெள்ளி சின்னத் தொகை அன்று. இருந்தாலும் நேர்மையான ஏலத்தில் கிடைத்திருக்க வேண்டிய விலை 125தான். பொய்யாக ஏறிய விலையை இன்னொருவர் தலையில் கட்டினால், விலை ஏற்ற நானே ஆள் வைத்தேன் என்று அவர் சந்தேகப்பட்டாலும் மறுக்க என்னிடம் ஆதாரம் இராது.

பெயரைப் போட்டு அவமானப்படுத்தலாமா?

அந்தத் தம்பியின் பெயரையும் படத்தையும் குழுவின் கறுப்புப் பட்டியலில் போடச் சொன்னார்கள். நான் தரவில்லை. அவன் கணக்கை ஏலத்திலிருந்து நீக்கினால் போதும் என்றேன்.

இதற்குச் சட்டப் பின்னணியும் உண்டு. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டப்படி, ஏலம் முடிந்தது என்று அறிவித்ததும் விற்பனை முழுமையடைகிறது. அறிவிப்பதற்கு முன் கேட்டவர் விலகிக்கொள்ளலாம், பின்னர் முடியாது. ஆனால், 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. 1903இல் இந்தியாவிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன மோஹரி பீபீ எதிர் தர்மோதாஸ் கோஷ் வழக்கில் சொல்லப்பட்ட இந்தக் கருத்தையே மலாயா நீதிமன்றங்களும் பின்பற்றின. நான்காம் படிவ மாணவனிடம் "நீ கட்டியே ஆக வேண்டும்" என்று சட்டம் பேசுவதில் பயனில்லை.

பெரியவர்கள் என்றால் 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே சிறு கோரிக்கை வழக்குத் தொடுக்கலாம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் வாங்குபவருக்கானது. விற்பவர் அங்கே வழக்குப் போட முடியாது. ஆனால், 60 வெள்ளிக்காக நீதிமன்றப் படியேற எந்த மாணவருக்கு நேரம் இருக்கிறது? வருமுன் காப்பதே நமக்கு உகந்தது.

முதல் செய்தியில் பாதி வேலை முடியும்

ஈபே நிறுவனர் பியேர் ஒமிட்யார் தம் தளத்தில் முதன்முதலில் விற்றது உடைந்துபோன லேசர் சுட்டுக்கோல் ஒன்றைத்தான். அது 14.83 டாலருக்குப் போனது. "இது உடைந்தது என்று தெரியும்தானே?" என்று அவர் வாங்கியவரைக் கேட்டாராம். தாம் உடைந்த சுட்டுக்கோல்களைச் சேகரிப்பவர் என்று பதில் வந்ததாம். விற்பவர் செய்யவேண்டியது இதுதான். வாங்குபவருக்கு எல்லாம் விளங்கியதா என்று கேட்டுவிட வேண்டும்.

ஏலப் பதிவிலேயே முடியும் நேரம், கூட்டவேண்டிய தொகை, பணம் கட்டும் கெடு, அஞ்சல் கட்டணம் ஆகியவற்றை எழுதிவிடுங்கள். சபா, சரவாக்கிற்கு அனுப்பும் செலவு கூடும் என்பதையும் சொல்லுங்கள். "18 வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோர் சம்மதத்துடன் மட்டும்" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். ஏலம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் வாழ்த்துச் சொல்லி, அஞ்சல் கட்டணத்தோடு மொத்தத் தொகையை அனுப்புங்கள். கூடவே, "ஏதேனும் சிக்கல் இருந்தால் இப்போதே சொல்லுங்கள், பார்க்கலாம்" என்றும் எழுதுங்கள். பயந்து ஒளிபவர்களில் பலர் இந்த ஒரு வரிக்குப் பதில் சொல்கிறார்கள். கெடு முடிந்தால் ஒரு நினைவூட்டல், பிறகு ஓர் இறுதி அறிவிப்பு, அதன்பின் ரத்து. எல்லாமே எழுத்தில் இருக்க வேண்டும். ரசீதுப் படம் வந்தாலும், பணம் உங்கள் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே பொருளை அனுப்புங்கள்.

ஏலம் கேட்கப் போகும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. எவ்வளவு வரை போகலாம் என்று ஏலத்தில் இறங்கும் முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தொகை தாண்டியதும் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுங்கள். தவறிப்போய் வென்றுவிட்டால் ஒளியாதீர்கள். "அக்கா, என்னால் முடியாது" என்று அன்றே சொன்னால், இரண்டாமவர் வேறு பொருள் வாங்கப் போவதற்குள் விற்பவர் அவரைப் பிடித்துவிடலாம். மூன்று நாள் மௌனத்தைவிட அந்தச் சங்கடமான ஒரு வரி எல்லாருக்கும் நல்லது.