எரியுது மஞ்சள் லைட்டு... எகிறுது பில்லு!

வீட்டுல பழைய கார் இருக்கா? அப்பா பத்து வருஷமா பிள்ளை மாதிரி பார்த்துக்கிற காரோ, செகண்ட் ஹேண்டில் நீங்களே அலைஞ்சு திரிஞ்சு அமுக்கின காரோ... என்றைக்காவது ஒருநாள் அந்த மஞ்சள் லைட் எரிஞ்சே தீரும். மீட்டர் போர்டில் குட்டியா இன்ஜின் படம் போட்டிருக்குமே, அதேதான். செக் இன்ஜின் லைட்!

எரிஞ்சதும் நம்ம ஊர்ல ரெண்டு வகை ரியாக்‌ஷன். 'வண்டி ஓடுதுல்ல, விடு' என்று அதன் மேலேயே ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவது ஒண்ணு. பதறிப்போய் சாவியை வொர்க்‌ஷாப்பில் கொடுத்துட்டு, நீட்டுற பில்லைக் கண்ணை மூடிக்கிட்டு கட்டுறது இன்னொண்ணு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு பாஸ். அரை நாள் பொறுமையும், ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிற ஒரு குட்டி டப்பாவும் போதும். மூணாம் வருஷ மெக்கானிக்கல் மாணவன் சொல்றேன், நம்புங்க. (சிலபஸ்ல இதெல்லாம் வராது என்பது வேற சோகம்!)

முதல்ல கலர் பாருங்க. ஆயில் கேன் படமோ, டெம்பரேச்சர் படமோ சிவப்பா எரிஞ்சா எதையும் யோசிக்காம ஓரம்கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணணும். செக் இன்ஜின் லைட் அந்த ரகம் இல்லை. மஞ்சளா நிலையா எரிஞ்சா, 'சீக்கிரம் கவனி'ன்னு அர்த்தம். ஆனா, விட்டுவிட்டு மின்னிச்சுன்னா விளையாடாதீங்க. ஏதோ ஒரு சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியலை. மெக்கானிக் பாஷையில் 'மிஸ்ஸிங்'. எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள எரிஞ்சு, அங்கே இருக்கிற தேன்கூடு மாதிரியான பீங்கானையே உருக்கிடும். அதுக்குள்ள பூசியிருக்கிறது பிளாட்டினம், பலேடியம், ரோடியம். நகைக்கடை சமாச்சாரம்! விலை ஏன் அவ்வளவுன்னு இப்போ புரியுதா?

இந்த லைட்டுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் புகைமூட்டத்தில் மூச்சுத் திணறின கலிஃபோர்னியா, 1988 மாடல் கார்களில் இருந்து 'புகைக் கட்டுப்பாட்டில் கோளாறுன்னா கார் தானே சொல்லணும்' என்று விதி போட்டது. 1996-ல் அமெரிக்கா முழுக்க ஓ.பி.டி.-2 என்ற பொது முறை வந்தது. எந்த கம்பெனி காரா இருந்தாலும் ஒரே சாக்கெட், ஒரே பாஷை. இந்தியாவில் பி.எஸ்.-4 கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் ஓ.பி.டி.-2 கட்டாயம். சென்னை மாதிரி பெரிய நகரங்களுக்கு 2010-லேயே வந்த பி.எஸ்.-4, நாடு முழுக்க வந்தது 2017-ல். அதனால உங்க கார் எந்த வருஷம், எந்த ஊர்ல ரிஜிஸ்டர் ஆச்சுன்னு ஆர்.சி. புக்கை ஒரு தடவை புரட்டிடுங்க.

ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிஞ்சு பார்த்தா, 16 பின் உள்ள ஒரு சாக்கெட் தெரியும். 'இ.எல்.எம்.327' என்று கேட்டால் கிடைக்கிற புளூடூத் டப்பாவை அதுல செருகி, சாவியை ஆன் பண்ணி, மொபைல்ல ஒரு ஆப் போட்டா, கார் மனசுல இருக்கிறதைக் கொட்டிடும். பி0301, பி0171, பி0420 என்கிற மாதிரி நம்பர்கள். 'பி' என்றால் இன்ஜின், கியர் சமாச்சாரம். அடுத்த 0, எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோடு. அதற்கடுத்த எண் 1 அல்லது 2 என்றால் காற்று, பெட்ரோல் கலவை. 3 என்றால் பற்றவைப்பு. 4 என்றால் புகைக் கட்டுப்பாடு. கூடவே 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று ஒண்ணு வரும். கோளாறு பதிவான நொடியில் வண்டி என்ன ஸ்பீடு, எவ்வளவு சூடு என்கிற போட்டோ அது. எதையும் அழிக்கிறதுக்கு முன்னாடி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கங்க.

இங்கேதான் மேட்டரே! கோடு என்பது புகார். குற்றவாளியின் பெயர் இல்லை. 'ஆக்ஸிஜன் சென்சார் கலவை சரியில்லைன்னு சொல்லுது' என்று கோடு வந்தா, சென்சார் போச்சுன்னு அர்த்தமில்லை. சென்சார் ஒழுங்கா வேலை பார்த்து, நிஜமான கோளாறைப் போட்டுக்கொடுத்திருக்கலாம். போட்டுக்கொடுத்தவனையே தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டினா, லைட் மறுபடி எரியத்தானே செய்யும்?

எங்க பக்கத்து வீட்டு அண்ணன் டாக்ஸி ஓட்டுறார். 2014 மாடல், மூணு சிலிண்டர் கார். லோன் இன்னும் முடியலை. லைட் எரிஞ்சதும் ஒரு வொர்க்‌ஷாப்பில் பி0420, பி0301 ரெண்டும் வருதுன்னு பார்த்து, 'கன்வெர்ட்டர் மாத்தணும்' என்று பல ஆயிரத்துக்கு எஸ்டிமேட் போட்டுட்டாங்க. வண்டி நின்னா அன்னிக்கு வருமானம் இல்லை. அவங்க வீட்டுல நகையை வைக்கலாமான்னு பேச்சு ஓடுது. அதுல பி0420 என்பது கன்வெர்ட்டர் சரியா வேலை செய்யலைங்கிற புகார். பி0301 என்பது முதல் சிலிண்டர்ல மிஸ்ஸிங். முதல் சிலிண்டர் சரியா எரியலைன்னா கன்வெர்ட்டர் திணறத்தானே செய்யும்? அப்போ முதல்ல விசாரிக்க வேண்டியது யாரை?

அந்த மாதிரி கார்ல ஒவ்வொரு பிளக்குக்கும் தலைமேல தனித்தனி இக்னிஷன் காயில் உட்கார்ந்திருக்கும். இன்ஜின் ஆறினதும் ஒண்ணாவது சிலிண்டர் காயிலை மூணாவதில் மாட்டினோம், மூணாவதை ஒண்ணாவதில். கோடை அழிச்சுட்டு ஒரு ரவுண்டு போனோம். திரும்ப எரிஞ்சுது லைட்... இந்த தடவை பி0303! கோளாறு காயிலோட சேர்ந்து இடம் மாறிடுச்சு. பைசா செலவில்லாம குற்றவாளி கையும் களவுமா சிக்கியாச்சு. (கோடு மாறாம பி0301-லேயே நின்றிருந்தா, அடுத்து பிளக், அப்புறம் இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்று போயிருக்கணும்.) புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும்னு அண்ணன் கிளம்பினார். பழைய காயிலின் ஆயுசு யாருக்குத் தெரியும்னு தடுத்து, புதுசு ஒண்ணு வாங்க வெச்சோம். பி0420 அதுக்கப்புறம் ஒரு மாசமாகியும் வரலை. கன்வெர்ட்டர் அதே பழசுதான்.

எல்லா பி0420-யும் இப்படி சுபமா முடியாது. கன்வெர்ட்டரே செத்திருக்கவும் வாய்ப்புண்டு. அதுக்கும் ஆப்லயே ஒரு டெஸ்ட் இருக்கு. கன்வெர்ட்டருக்கு முன்னாடி ஒரு ஆக்ஸிஜன் சென்சார், பின்னாடி ஒண்ணு. பெரும்பாலான பழைய பெட்ரோல் கார்களில் முன் சென்சார் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவுல ஊஞ்சல் ஆடும். பின் சென்சார் கிட்டத்தட்ட நிலையா நிக்கணும். சூடான வண்டியில் பின்னாடி இருக்கிறதும் அதே மாதிரி ஆடினா கன்வெர்ட்டர் மேல சந்தேகப்படலாம். அப்பவும் சைலன்ஸர் ஜாயின்ட்ல ஓட்டை இருக்கான்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

பி0171 இன்னொரு பிரபலம். 'காற்று அதிகம், பெட்ரோல் கம்மி' என்று கம்ப்யூட்டரின் புலம்பல். ஆப்ல 'ஃப்யூல் ட்ரிம்' பாருங்க. பூஜ்யத்தை ஒட்டி இருக்கணும். பிளஸ் 20, 25 என்று ஏறியிருந்தா கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டி சமாளிக்குதுன்னு அர்த்தம். ஐடில்ல அதிகமா இருந்து, 2,500 ஆர்.பி.எம். வெச்சதும் இறங்கினா எங்கேயோ ரப்பர் குழாய் விரிசல் விட்டு காற்றை உறிஞ்சுது. வேகம் கூடக்கூட மோசமானா பெட்ரோல் ஃபில்டர், பம்ப் பக்கம் போங்க. ஒரு கண்டிஷன்: காற்றை நேரடியா அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள கார்களில்தான் இந்தக் கணக்கு ஒழுங்கா வரும். சின்ன கார்கள் பலவற்றில் அழுத்தத்தை அளக்கும் 'மேப்' சென்சார்தான் இருக்கும். அதுல காற்று கசிந்தா ட்ரிம் பெருசா மாறாம ஐடில் மட்டும் எகிறலாம்.

இன்டர்நெட்டில் அமெரிக்க வீடியோ பார்த்தா, முதல் அட்வைஸே 'பெட்ரோல் மூடியை இறுக்கு' என்பதுதான். டேங்க்கில் இருந்து ஆவி கசியுதான்னு காரே சோதிக்கணும்னு அங்கே விதி. நீங்க மூடியை இறுக்கிட்டு, கையோட பானெட்டைத் திறந்து ஒயர்களைப் பாருங்க. நம்ம ஊர்ல எலிதான் பெரிய வில்லன்! மழைத்தண்ணி தேங்கின தெருவுல ஓட்டின வண்டின்னா கனெக்டர்களைக் கழற்றி பச்சை பூத்திருக்கான்னும் பார்க்கணும்.

'பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டு, லைட் போயிடும்' என்பார் தெருமுனை நண்பர். போகும். கூடவே கார் சேர்த்து வெச்ச தடயமும் போயிடும். கோளாறு சரியானா லைட் தானாவே அணையும். பெரும்பாலும் மூணு ட்ரிப் தொடர்ந்து சுத்தமா ஓடினா போதும்.

இதே தந்திரத்தை செகண்ட் ஹேண்ட் கார் விற்கிறவங்களும் செய்வாங்க. பார்க்கப் போகும்போது டப்பாவைப் பாக்கெட்ல போட்டுக்கங்க. ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ஆன் பண்ணினா மஞ்சள் லைட் எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். முதல்லேயே எரியலைன்னா பல்பைப் பிடுங்கிட்டாங்களோன்னு கேளுங்க. அப்புறம் ஆப்ல 'ரெடினஸ்' பக்கம். கேட்டலிஸ்ட், ஆக்ஸிஜன் சென்சார் எதிரே 'நாட் ரெடி' என்று இருந்தா, சமீபத்துல யாரோ கோடை அழிச்சிருக்காங்க, இல்லாட்டி பேட்டரியைக் கழற்றியிருக்காங்க. 'பேட்டரி மாத்தினேன் சார்' என்று சொன்னா அது நிஜமாவும் இருக்கலாம். நாலைந்து நாள் ஓட்டச் சொல்லிட்டு திரும்பப் போய்ப் பாருங்க. மறுத்தா, அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

ஆங்... வேலை முடிஞ்சதும் டப்பாவைக் கழற்றிடுங்க. பல கார்களில் அந்த சாக்கெட்டுக்கு எப்பவும் கரன்ட் வந்துக்கிட்டே இருக்கும். வாரக்கணக்கில் விட்டா, பேட்டரி படுத்துடும்!