சுண்ணாம்புக் கோடு

ஆண்டு மலருக்கு விளையாட்டைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஆசிரியர் கேட்டபோது, அவர் மனத்தில் கபடியோ கிரிக்கெட்டோ இருந்திருக்க வேண்டும். ரக்பியைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நம்மவர்களுக்கும் அதற்கும் என்ன சார் சம்பந்தம்?" என்றார். என் தகப்பனார் பதினெட்டு வருடம் அந்த ஆட்டத்துக்குக் கோடு போட்டவர். அந்தச் சம்பந்தம்தான்.

நான் பிறந்தது இலங்கையில், அட்டனுக்கு அருகே டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். அம்மா கொழுந்து பறித்தார். அப்பாவும் முதலில் கவ்வாத்து வெட்டப் போனவர்தான். பிறகு துரைமார் விளையாடுகிற மைதானத்துக்கு அவரை மாற்றிவிட்டார்கள். புல் வெட்டுவது, உருளை இழுப்பது, மழை நீர் வடியக் கான் வெட்டுவது, ஆட்ட நாளில் கோடு போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. லயத்தில் அவருக்குக் 'கோட்டுக்காரர்' என்றே பெயர்.

எங்கள் பக்கத்தில் அதை ரக்பி என்று யாரும் சொல்வதில்லை. 'ரக்கர்' என்போம். 1879-ல் கொழும்பில் வெள்ளைக்காரர்கள் கழகம் அமைத்துத் தொடங்கிய ஆட்டம், காப்பித் தோட்டமும் பிறகு தேயிலையும் போன வழியே மலைக்கு ஏறி வந்தது. டிக்கோயாக்காரர்களுக்குத் தரவளை மைதானம், டிம்புளைக்காரர்களுக்கு ரதல்ல, ஊவாத் துரைமாருக்குப் பதுளை என்று ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் அணி இருந்தது. ஐந்து நாள் தோட்டத்தில் அதட்டிக்கொண்டு திரிந்த துரை, சனிக்கிழமை சேற்றில் புரண்டு மூக்கு உடைபட்டுக் கிடப்பதை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதில் எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமை பெரட்டுக் களத்தில் அவர் நொண்டிக்கொண்டு வந்தால், பெண்கள் கூடையால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

மைசூர் வாசகர்களுக்காக ஆட்டத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். அணிக்கு 15 பேர், 80 நிமிடம், முட்டை வடிவப் பந்து. கையில் பந்தை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரமும் ஓடலாம். காலால் முன்னே உதைக்கலாம். ஆனால் கையால் முன்னே எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். எதிரி எல்லைக்குள் போய்ப் பந்தைத் தரையில் அழுத்தினால் அதற்கு 'ட்ரை' என்று பெயர். முயற்சி என்று பொருள்படும் பெயர் ஏன் வந்தது என்றால், ஆதியில் அப்படி அழுத்துவதற்குப் புள்ளியே கிடையாது. கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு மட்டுமே கிடைக்கும். நான் சிறுவனாக இருந்தபோது ட்ரைக்கு 3 புள்ளி. 1971-ல் 4 ஆக்கினார்கள். 1992 முதல் 5.

ஆட்டப் பருவத்தின் கடைசியில் கிளிஃபர்ட் கிண்ணம். 1920-களில் இலங்கை ஆளுநராக இருந்த ஹியூ கிளிஃபர்ட் என்பவரின் மனைவி கொடுத்த கோப்பை அது. கழகங்களின் ஆட்டம் அப்போது நடந்தது தென்மேற்குப் பருவ மழைக் காலத்தில். டிக்கோயாவின் ஆடி மாத மழையைப் பார்த்தவர்களுக்குத்தான் அப்பாவின் பாடு புரியும். இறுதிச் சுற்று நெருங்க நெருங்க வீட்டில் அவரைப் பார்க்க முடியாது. விடியுமுன் போவார். முந்தின நாள் போட்ட கோட்டை மழை கரைத்திருக்கும். நீற்றின சுண்ணாம்பைத் தகர வாளியில் கரைத்து, கயிறு பிடித்து, மறுபடி முழுக் கோடும் போடுவார். ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மீண்டும் ஒரு தூறல் போடும், மீண்டும் ஓடுவார். அவர் விரலிடுக்குகள் வெடித்து, அந்த மூன்று மாதமும் சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைய மாட்டார். அம்மாதான் உருட்டிக் கொடுப்பார்.

என்னிடம் அவர் சொன்னதெல்லாம் ஒன்றுதான். "டேய், கோடு இன்னும் காயல. மிதிச்சிறாத."

ஒரு வருடம், 1970 அல்லது 71 இருக்கலாம், அரையிறுதி என்று பேசிக்கொண்ட ஒரு பெரிய ஆட்டம். யார் வென்றார்கள் என்பதுகூட எனக்கு நினைவில்லை. எல்லோரும் போன பிறகு கொடிக் கம்புகளைப் பிடுங்குவதற்காக அப்பாவும் நானும் மட்டும் மைதானத்தில் இருந்தோம். கான் ஓரத்தில் ஒரு பந்து கிடந்தது. அதைத் துடைத்து உள்ளே கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். அப்பா கையில் எடுத்தார், சட்டையில் துடைத்தார், சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு ஓடத் தொடங்கினார்.

நடுக் கோட்டிலிருந்து கம்பம் வரை ஓடினார். வெறுங்காலோடு, மடித்துக் கட்டின சாரத்தோடு, யாரோ பிடிக்க வருகிற மாதிரி ஓர் இடத்தில் இடுப்பை வளைத்துத் திரும்பி ஓடினார். கம்பங்களுக்கு நடுவே குனிந்து பந்தைத் தரையில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார். அப்படியே கொஞ்ச நேரம் குனிந்திருந்தார். திரும்பி வரும்போது மூச்சு வாங்கிக்கொண்டே, சேற்றில் பதிந்த தம் கால் தடங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்து அழித்துக்கொண்டு வந்தார். "அம்மாட்ட சொல்லாத" என்றார். அம்மா இருந்தவரை நான் சொல்லவில்லை.

1964-ம் வருடத்து சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை இந்த மலரின் வாசகர்கள் அறிவார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகளும் பங்கிட்டுக்கொண்டன. மீதி 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். எங்கள் முறை வந்தது அந்த 1974-ல்தான். தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில வாரம் இருந்து, கடைசியில் ரப்பர் தோட்டங்களுக்காகக் கர்நாடகத்தின் புத்தூர், சுள்ளியாப் பக்கம் அனுப்பப்பட்டவர்களில் நாங்களும் சேர்ந்தோம். அடுத்த வருடமே இலங்கையில் வெள்ளைக்காரக் கம்பெனிகளின் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. துரைமாரும் கப்பல் ஏறினார்கள். மலைக் கழகங்களின் ரக்பி அணிகள் மெலிந்து போயின. எங்கள் கப்பலும் அவர்கள் கப்பலும் வேறு வேறு திசையில் போனாலும், ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் போயின.

அப்பா ரப்பர் பால் வெட்டினார். நான் படித்து, ரயில்வேயில் சேர்ந்து, 1981-ல் மைசூருக்கு வந்தேன். ரக்கர் என்ற சொல்லே வீட்டில் மறந்துவிட்டது. அட்டனில் தங்கிவிட்ட பெரியப்பா மகன் மட்டும் எப்போதாவது கடிதம் எழுதுவார். 1992-ல் வந்த கடிதத்தில் கொழுந்து விலை, கல்யாணச் செய்தி இவற்றுக்குக் கீழே ஒரு வரி இருந்தது. கண்டி கழகம் முதன்முறையாக லீக் பட்டம் வென்றுவிட்டதாம், நித்தவெல மைதானத்தில் திருவிழாவாம். அதுவரை பட்டம் என்றால் கொழும்புக் கழகங்களின் பெயர்தான் அடிபடும். லீக் முறையில் ஒரே நாளில் தீர்ப்பு வராது. கடைசி இரண்டு வாரம் யார் யாரை எத்தனை புள்ளியில் வென்றால் யார் மேலே வருவார் என்று கடைத் தெருவெல்லாம் கணக்குப் போடுவார்கள். கண்டி அதன்பின் வருடத்துக்கு வருடம் பட்டத்தைப் பிடித்து வைத்துக்கொண்டதால் அந்தக் கணக்குக்கே பல தடவை வேலை இல்லாமல் போயிற்று என்பது வேறு விஷயம். புத்தூருக்குப் போயிருந்தபோது கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "கோப்பை மலைக்கு வந்திருச்சா?" என்று கேட்டார். பிறகு, "இப்ப யார் கோடு போடுறாங்களாம்?" என்றார். 1998-ல் காலமானார்.

இத்தனை வருடத்துக்குப் பிறகு இந்த ஆட்டம் என் வீட்டுக்குள் வந்தது பேத்தி மூலமாக. பதினான்கு வயது. பள்ளியில் ஓட்டப் பந்தயத்துக்குப் போனவளை ஏழு பேர் ஆடுகிற ரக்பி அணியில் சேர்த்துவிட்டார்கள். பாதிக்கு 7 நிமிடம். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். முதல் நாள் அந்தப் பந்தை அவள் சாப்பாட்டு மேசை மேல் கொண்டு வந்து வைத்தபோது எனக்குச் சற்று நேரம் எதுவும் பேச வரவில்லை. மகளுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "பல்லு போனா யாருப்பா பொறுப்பு? தோள்பட்டை எறங்கினா? பொம்பளப் புள்ள" என்று ஒவ்வொரு நாளும் பஞ்சாயத்து.

சென்ற கோடை விடுமுறையில் பேத்தியை அழைத்துக்கொண்டு பாலாற்றுக்குப் போனோம். என் மனைவியின் பிறந்த ஊர் அது. பாலாறு என்றதும் வேலூர்ப் பாலாற்றை நினைத்துவிட வேண்டாம். கொள்ளேகால், மாதேசுவரன் மலை வழியாக மேட்டூர் போகிற சாலையில், பாலத்துக்கு இந்தப் பக்கம் கர்நாடகம், அந்தப் பக்கம் தமிழ்நாடு என்று இருக்கிற காவிரிக் கிளை ஆறு. 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டம் ஆகும்வரை நம் மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். மேட்டூர் அணையின் நீர் அதுவரை தேங்கும். கோடையில் நீர் இறங்கியதும் கரையோரம் வெட்டவெளியாகிவிடும். அதில் பையன்கள் கபடி ஆடுவார்கள். பாலத்தருகே மீன் பொரிக்கிற கடைகளும், வீரப்பன் காலத்துக் கதைகளும் வேண்டுமட்டும் கிடைக்கும்.

பேத்தி பந்தோடு அங்கே இறங்கினாள். கபடிப் பையன்களுக்கு ஆளைப் பிடிப்பது எப்படி என்று சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. இடுப்பையும் காலையும் சேர்த்துக் கட்டுகிற அந்தப் பிடியைத்தான் ரக்பியிலும் கேட்கிறார்கள். தோளுக்கு மேலே பிடித்தால் நடுவர் தண்டிப்பார் என்பதை மட்டும் அவள் சொன்னாள். அவர்களுக்குப் புரியாதது ஒன்றுதான். "ஏனுங் தாத்தா, பின்னால பின்னால குடுத்தா எப்பங்க முன்னால போறது?" என்று ஒருவன் என்னிடம் வந்து நியாயம் கேட்டான். கொடுப்பது பின்னாலே, ஓடுவது முன்னாலே என்றேன். அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

கோடு இல்லாமல் ஆடினால் சண்டை வரும். மச்சான் வீட்டில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று கேட்டேன். பேத்தி கத்தினாள். "தாத்தா, சுண்ணாம்பு வேண்டாம், விழுந்தா கண்ணு எரியும், தோலு வெந்துரும்!" இந்தக் காலத்தில் மைதானத்துக்குச் சுண்ணாம்பு போடவே கூடாது என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்களாம். மனைவி உள்ளே போய் ஒரு படி கோலமாவு கொண்டு வந்தாள். நான் கயிறு பிடித்துக் கோடு போட்டேன். அறுபது வயதுக்கு மேல் குனிந்து குனிந்து போட்ட முதல் கோடு அது. நேராக வரவில்லை. அப்பா பார்த்திருந்தால் அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்லியிருப்பார்.

மகளும் வந்து கரையில் நின்று பார்த்தாள். ஒரு பையன் பேத்தியை ஓடிவந்து கட்டிப் பிடித்து விழுத்தாட்டினான். மகள் "ஐயோ" என்று வாயைப் பொத்தினாள். பேத்தி விழுகிறபோதே பந்தைப் பின்னால் தட்டிக் கொடுத்துவிட்டு, எழுந்து அதன் பின்னாலேயே ஓடினாள்.

அன்றிரவு மகளுக்கு இரண்டு விஷயம் சொன்னேன். வட வங்காளத்தில் ஜல்பாய்குரி மாவட்டத்தில் சரஸ்வதிபூர் என்று ஒரு தேயிலைத் தோட்டம். கொல்கத்தாவின் ஜங்கிள் குரோஸ் என்ற கழகத்தார் 2013 வாக்கில் அங்கே போய்த் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ரக்பி சொல்லிக் கொடுத்தார்கள். அந்த லயத்துப் பெண்களில் சிலர் இந்திய மகளிர் அணி வரை போனார்கள். இதைப் படித்த நாளிலிருந்து அந்தத் தோட்டத்தின் பெயர் என் நாக்கில் நிற்கிறது. இரண்டாவது, 2019 ஜூனில் இந்திய மகளிர் மணிலாவில் சிங்கப்பூரை 21–19 என்று வென்றது. 15 பேர் ஆட்டத்தில் அதுதான் அவர்களுக்கு முதல் சர்வதேச வெற்றி. அம்மாவிடம் சொல்லாமல் வைத்திருந்ததையும், சற்றுத் தயங்கி, சொன்னேன். தாத்தா ஓடினதை.

மகள் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. "கால் தடத்த ஏன்பா அழிச்சாரு?" என்று மட்டும் கேட்டாள்.

2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக் இறுதி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் மூவருமாகப் பார்த்தோம். சென்னை புல்ஸ் அணி டெல்லியை 41–0 என்று வென்றது. பேத்தி மைசூர்ப் பெண். அவள் பெங்களூர் அணிக்காக வந்து, கடைசியில் சென்னைக்காகக் கத்திக்கொண்டிருந்தாள். நான் ஆட்டத்தைவிட அந்தப் புல்தரையையும் கோட்டையும்தான் அதிகம் பார்த்தேன். எவ்வளவு வெள்ளை, எவ்வளவு நேர்!

இதை எழுதுகிற வாரத்தில் பேத்தியின் பள்ளி அணி அரையிறுதிக்கு வந்திருக்கிறது. ஆட்டம் சனிக்கிழமை பெங்களூரில். வென்றால் ஞாயிறன்று இறுதி. பற்காப்பு நேற்று வாங்கி வந்தாயிற்று; வெந்நீரில் போட்டுக் கடித்து அளவு எடுத்துக்கொண்டாள். மகள் இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் காலை ரயிலுக்கு மூன்று டிக்கெட் எடுக்கச் சொன்னேன். அவள் போய் நான்காக எடுத்து வந்திருக்கிறாள்.