சல்யூட் அடிக்கும் கையில் டாட்டூ

எழுத்துத் தேர்வில் கட்-ஆஃப் தாண்டியாயிற்று. 5 கிலோமீட்டரை 24 நிமிடத்துக்குள் ஓடியும் காட்டியாயிற்று. மத்திய ஆயுதக் காவல் படைகளின் கான்ஸ்டபிள் வேலைக்கு இரண்டு மூன்று வருடம் உழைத்த பையன்களில் சிலர், அதற்கும் பிறகு வரும் மெடிக்கலில் விழுகிறார்கள். கண்ணிலோ காலிலோ கோளாறு இல்லை. வலது முன்கையில் எப்போதோ திருவிழாக் கடையில் குத்திக்கொண்ட ஒரு பெயர்தான் காரணம்.

விதி இதுதான்: இடது முன்கையின் உட்புறத்திலோ புறங்கையிலோ டாட்டூ இருக்கலாம், அந்தப் பகுதியில் கால் பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். சாமி படமோ பெயரோ தடையில்லை. வலது முன்கையில் கூடாது, அது சல்யூட் அடிக்கும் கை. இத்தனையும் நோட்டிஃபிகேஷனில் அச்சாகியிருக்கிறது. ஆனால் பக்கம் பக்கமாக நீளும் மருத்துவத் தகுதிகளுக்கு நடுவே. வயது வரம்பையும் பாடத்திட்டத்தையும் பார்த்தவுடன் விண்ணப்பித்துவிடுகிற கிராமத்துப் பிள்ளை அதுவரை போவதில்லை.

ராணுவத்தில், பழங்குடி இளைஞர்கள் தங்கள் மரபுப்படி குத்திக்கொண்டவற்றுக்கு விலக்கு உண்டு. நியாயமான விலக்கு. ஆனால் பச்சை குத்தும் மரபு பழங்குடிகளோடு நின்றதில்லை. ஊர் ஊராக வந்த குறவர் பெண்கள் நம் பாட்டிமார் கைகளில் குத்திவிட்ட கோலங்களும் மரபுதான். அந்த வழக்கம் தொடரும் வீட்டுப் பிள்ளைக்கு இந்த விலக்கு கிடைக்காது.

'அழித்துவிட்டு வா' என்பது எளிது. லேசர் ஒவ்வொரு முறை படும்போதும் ரப்பர் பேண்டை இழுத்து விட்டதுபோல் சுள்ளென்கிறது. மை இருந்த இடம் சற்று நேரம் வெளுத்துப் பொங்குகிறது. லேசர் மையைப் பொடியாக்குகிறது, உடல் அதை மெல்ல மெல்ல வெளியேற்றுகிறது. அதனால் அடுத்த அமர்வுக்கு ஆறு முதல் எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். கறுப்பு மை சீக்கிரம் மங்கும். பச்சையும் மஞ்சளும் லேசில் விடாது. நம்முடையது போன்ற கருநிறத் தோலில் அவசரப்பட்டால் வெண்திட்டும் தழும்பும் மிஞ்சும். ஒரு சின்னப் பெயர் போகவே ஒரு வருடம்கூட ஆகலாம். மெடிக்கல் தேதி வந்தபின் ஓடினால் எந்த மருத்துவராலும் காப்பாற்ற முடியாது.

டெல்லி காவல்துறை கான்ஸ்டபிள் வேலைக்குத் தேர்வான ஒருவர், வலது முன்கை டாட்டூவை அழித்த பிறகும் நிராகரிக்கப்பட்டார். 2024-இல் டெல்லி உயர்நீதிமன்றம் அந்தக் கையை நேரில் பார்த்தது. வெறுங்கண்ணுக்கு அது தெரியவே இல்லை என்று சொல்லி, அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சரியான தீர்ப்பு. ஆனால் வழக்குப் போட வசதியும் தைரியமும் எத்தனை பேருக்கு இருக்கும்?

வெளியே நிலைமை மாறிவருகிறது. ஏர் நியூசிலாந்து 2019 செப்டம்பர் முதல் ஊழியர்களின் டாட்டூக்களுக்கு அனுமதி தந்தது. மாவோரி மக்களின் மரபுப் பச்சைக்கு மதிப்பளிக்காத தடை என்ற கண்டனம் அதற்கு முன் எழுந்திருந்தது. அமெரிக்க ராணுவமே 2022-இல், மணிக்கட்டுக்குக் கீழும் ஒரு கைக்கு ஒரு டாட்டூ என ஓர் அங்குல அளவில் அனுமதித்தது.

நம் படைகள் விதியை மாற்றாமலே ஒரு கொடுமையைத் தவிர்க்கலாம். 'வலது கையில் டாட்டூ உண்டா?' என்ற கேள்வியை விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில், தமிழிலும் கேட்டாலே போதும். தேர்வுக்குப் படிக்கும் மாதங்களிலேயே அந்தப் பையன் லேசர் சிகிச்சையைத் தொடங்கிவிடுவான்.