நடுங்கும் குட்டிக்கு எந்தக் கொழுப்பு?

சத்தியமங்கலம் பக்கம் நான்கு வெண்பன்றிகள் வளர்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "தேங்காய் எண்ணெய் கலந்த தீவனம் கொடுத்தால் குட்டிகள் சீக்கிரம் தேறுமாமே, நிஜமா?" நிஜம்தான். ஆனால் எந்த வயதில் கொடுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒன்றரைக் கிலோகூட இல்லாமல் பிறக்கும் பன்றிக்குட்டியின் உடலில் கொழுப்பு நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்குதான். மனிதக் குழந்தைக்குச் சுமார் 15 பங்கு. மார்கழியில் பிறந்த என் பேத்தியின் முதுகில் கை வைத்தால் அப்படியொரு கதகதப்பு! தோள்பட்டைகளுக்கு நடுவில் இருக்கும் பழுப்புக் கொழுப்பு, நடுக்கமில்லாமலே சூடு உண்டாக்குகிறது. பன்றிக்கு அந்த அடுப்பே கிடையாது. அதைப் பற்றவைக்கும் மரபணு சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பன்றியின் முன்னோரிடம் சிதைந்துபோனதாக ஸ்வீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் 2006இல் கண்டறிந்தார்கள். குட்டி நடுங்கித்தான் சூடேற வேண்டும். காட்டுப்பன்றி ஈனுவதற்கு முன் புல்லும் தழையும் சேர்த்துக் கூடு கட்டுகிறதே, குளம்புள்ள விலங்குகளில் அரிதான அந்தப் பழக்கத்தை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

குட்டிக்கு வேண்டிய கொழுப்பெல்லாம் தாய்ப்பாலில் வருகிறது. பசும்பாலைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் மணிக்கொரு தடவை, தாயின் உறுமல் வேகமெடுத்ததும், பால் இறங்குவது 20 விநாடி அளவுக்குத்தான். அப்போது காம்பைப் பிடிக்காத குட்டிக்கு அந்தச் சுற்று போயிற்று. பிடித்த குட்டி, மூன்றே வாரத்தில் பிறந்த எடையைப் போல நான்கு மடங்காகிறது.

பாலை மறக்கடித்ததும் சிக்கல். பால் கொழுப்பு நுண்துளிகளாகக் கலந்தே வரும். தீவன எண்ணெய் அப்படி வராது. கொழுப்பைச் செரிக்கும் கணைய நொதியும் அந்த நேரம் பார்த்துக் குறைந்துவிடும். முதல் இரண்டு வாரம் கொடுக்கும் எண்ணெயில் கணிசமான பங்கு சாணத்தோடு போய்விடும். தேங்காய் எண்ணெயில் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பமிலங்கள் அதிகம்; எளிதில் செரித்து நேராகக் கல்லீரலுக்குப் போய்விடும் என்பதால் அது கைகொடுக்கிறது. அப்போதும் கூடவே போதிய புரதம் வேண்டும். இல்லாவிட்டால் சதை பிடிக்காது, கொழுப்புதான் ஏறும்.

பல கொட்டில்களில் நான் பார்ப்பது வேறு. பால் மறந்த மறுநாளே, திரும்பத் திரும்பக் காய்ச்சிக் காறிப்போன எண்ணெய் மிதக்கும் ஓட்டல் கழிவு. கழிந்து கழிந்து குட்டி வாடுகிறது, 'ராசியில்லாத ஈற்று' என்கிறார்கள். குட்டி என்ன செய்யும்?

நண்பரே, எண்ணெய் டின் வாங்குமுன் கொட்டிலின் ஒரு மூலையில் குண்டு பல்பு கட்டுங்கள். ஈன்ற அன்று, தள்ளப்பட்டுக் கிடக்கும் சிறிய குட்டியைத் துடைத்து, காம்பில் வாய் வைத்துவிடுங்கள். பல்பு வெளிச்சத்தில் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்தால் இன்னும் குளிர்கிறது. பக்கம் பக்கமாகக் கால் நீட்டிப் படுத்திருந்தால் சூடு போதும்.